நோபிடா வீட்டுப் பக்கத்துக் காலி மனை

போன வாரம் மோட்டார் காயில் போய்விட்டது. கழட்டிக்கொண்டு போனவர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணி பாய்ச்ச முடியாத விவசாயிக்கு வீட்டில் என்ன வேலை? லீவுக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேரனோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தேன்.

டோரேமான். தமிழில் பேசுகிறது அந்தப் பூனை. எட்டு வயசுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத இடங்களை விளக்கிக்கொண்டே வந்தான். "அப்புச்சி, இவன்தானுங்க நோபிடா. மார்க்கே வாங்க மாட்டான். அந்தக் குண்டன் ஜியான், இவனைப் போட்டு அடிப்பான்." அரைமணி நேரத்தில் எனக்கும் கதை பிடிபட்டுவிட்டது. பூனையின் வயிற்றுப் பையில் இருந்து ஏதாவது ஒரு சாமான் வரும், பையன் அதை வைத்துப் பெரிய ஆளாகப் பார்ப்பான், கடைசியில் மாட்டிக்கொள்வான்.

என் கண் கதையில் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் நின்றது. வீடுகளுக்கு நடுவில் ஒரு காலி மனை. சுற்றிப் புல் மண்டிக் கிடக்கிறது. ஓரமாக மூன்று பெரிய சிமெண்டுக் குழாய், கீழே ரெண்டு, மேலே ஒன்று. பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பேசுகிறார்கள், உள்ளே ஒளிகிறார்கள், பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறார்கள். பார்த்தவுடனே எனக்கு எங்கள் ஊர்க் களம் ஞாபகம் வந்துவிட்டது. சோளமும் கடலையும் காயப்போடுகிற பொதுக்களம். அறுவடை இல்லாத எட்டு மாசமும் அது எங்களுக்குத்தான். குழாய்க்குப் பதிலாக உடைந்த கல்லுருளை ஒன்று கிடக்கும். அதன்மேல் உட்காருவதற்கு நடந்த சண்டைகளை எழுதினால் பத்துப் பதிவு வரும்.

"அப்புச்சி, அந்தக் குழாய் எதுக்குங்க அங்க கெடக்குது?" என்றான் பேரன். எனக்குத் தெரியவில்லை. என் மச்சினன் மகன் ஜப்பானில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறான். அன்று ராத்திரி அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். மோட்டார் ஓடாத நாட்களில்தான் இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாம் நடக்கும்.

"அது சாக்கடைக் குழாய் மாமா" என்றான். 1960, 70-களில் டோக்கியோ நாலாபக்கமும் வீங்கியபோது தெருத்தெருவாகச் சாக்கடை பதித்தார்களாம். பதிக்கிற வரைக்கும் குழாய்களைக் காலி மனைகளில் அடுக்கி வைப்பார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். டோரேமான் கதை வர ஆரம்பித்தது 1970 ஜனவரி மாதப் பிள்ளைகள் பத்திரிகைகளில். எழுதி வரைந்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ. அவர் பழைய காலத்தை நினைத்து ஏங்கி எதையும் வரையவில்லை. வீட்டுக்கு வெளியே வந்தால் எது கண்ணில் படுமோ அதை வரைந்தார். மனைகளில் எல்லாம் வீடு வந்துவிட்டது, குழாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன. கார்ட்டூனில் மட்டும் அந்தக் காலி மனை அப்படியே நிற்கிறது. இன்றைக்கு ஜப்பான் பிள்ளைகளே அதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், மாமா என்றான்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. நோபிடா வீடு இருப்பது டோக்கியோவில் நெரிமா என்கிற பகுதியில். நெரிமா ஒரு காலத்தில் முள்ளங்கிக்குப் பேர்போன ஊர். ஊர்ப்பேரிலேயே முள்ளங்கி இருக்கிறது, நம்ம சேலம் மாம்பழம் மாதிரி. நகரம் நெருங்க நெருங்க அந்தக் காடுகள் மனைகளாக மாறின. இன்னமும் டோக்கியோவின் 23 வார்டுகளில் விவசாய நிலம் அதிகம் மிச்சமிருப்பது அங்கேதானாம்.

அப்படியென்றால் அந்தக் காலி மனை என்ன? விற்றுப்போன ஒரு முள்ளங்கிக் காடாகத்தான் இருக்கும். என்னை மாதிரி ஒருத்தன், மகன்களுக்குப் பயந்தோ கடனுக்குப் பயந்தோ நல்ல விலைக்கு ஆசைப்பட்டோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காடு. பயிர் வைப்பது நின்று வீடு கட்டுவது தொடங்காத நாலைந்து வருஷ இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உலகமே பார்த்து ஏங்குகிற அந்த இடம், ஒரு விவசாயி கிளம்பிப்போன இடம்.

இது ஏன் எனக்குச் சுருக்கென்று தைத்தது என்றால், என் காட்டுக்குத் தெற்கே இருந்த மூணு ஏக்கர் போன தை மாசம் சைட்டு ஆகிவிட்டது. கல் நட்டு மஞ்சள் பெயிண்டு அடித்திருக்கிறார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் அங்கேதான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மனைக்கல்தான் ஸ்டம்பு. என் பேரனும் போகிறான். நாற்பது வருஷம் கழித்து அவன் கண்ணை மூடினால் வரப்போகிற சொர்க்கம் அந்த மஞ்சள் கல்தான். நான் அழுத இடம் அவனுக்கு மைதானம்.

அடுத்தது என் காடுதான். தார் ரோட்டு ஓரமாக ரெண்டு ஏக்கர். புரோக்கர் ரெண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டார். மகன் வாயைத் திறந்து "வித்தரலாமுங்கப்பா" என்று சொல்லவில்லை, ஆனால் புரோக்கர் வந்தால் அவன்தான் காபி கொண்டு வருகிறான்.

சரி, ஏக்கத்துக்கு வருகிறேன். எனக்கும் ஏக்கம் உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவு பொய். டோரேமானில் ஒரு கதை. நோபிடாவுக்குக் கிழிந்த பழைய கரடி பொம்மை ஒன்று கிடைக்கும். செத்துப்போன அவன் பாட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தது. மேஜை டிராயருக்குள் இருக்கும் கால இயந்திரத்தில் ஏறிப் பாட்டியைப் பார்க்கப் போவான். உன் குழந்தை இன்னும் கொஞ்சம் வளர்ந்து வந்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? பாட்டி நம்பிவிடுவாள். நீ பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க ஆசை என்பாள். திரும்பி ஓடிப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து காட்டுவான். அப்புறம் பாட்டிக்கு இன்னொரு ஆசை வரும், இவன் பெண்டாட்டியைப் பார்க்க வேண்டுமாம்.

அந்த இடத்தில் நான் எழுந்து தண்ணி குடிக்கப் போய்விட்டேன். என் அப்பத்தாவுக்கு இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். அதில் கருப்பட்டித் துண்டு இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த டிராயர் எனக்குக் கிடைத்து, 1975-க்குள் இறங்கினால் என்ன தெரியும் என்று யோசித்தேன். சித்திரை வெயில். கிணறு வற்றி, அப்பத்தா மைல் தூரம் நடந்து ஒரு குடம் தண்ணிக்கு வரிசையில் நிற்பாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. நான் போய் "அப்பத்தா, உம்பேரன் வந்திருக்கறன்" என்று நின்றால், "வந்ததுதான் வந்தே, இந்தக் கொடத்தைப் புடி" என்பாள். மறுபடி அந்தக் காலத்துக்குப் போகலாமா என்று அவளைக் கேட்டுப் பார்க்கிற வழி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். குழாயைத் திருகினால் தண்ணி வரும் காலத்தை விட்டு அவள் ஓர் அடி நகரமாட்டாள்.

களத்தையும் சொல்ல வேண்டும். எங்களோடு கல்லுருளையில் ஏறிக் குதித்தவர்களில் காலனிப் பையன் ஒருத்தன் இருந்தான். நல்ல கபடி ஆட்டக்காரன். அவனுக்குத் தாகம் எடுத்தால் எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கையைக் குவிப்பான், அம்மா சொம்பில் இருந்து தூக்கி ஊற்றுவாள். சொம்பு அவன் கையில் படாது. அன்றைக்கு அது எனக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை, அதுதான் இன்றைக்கு உறுத்துகிறது. அவன் இப்போது திருப்பூரில் சொந்தமாகப் பத்துத் தையல் மெஷின் போட்டிருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, "களம் ஞாபகம் இருக்குதாப்பா?" என்றேன். "உனக்கு அது வெளையாடற எடம். எங்கப்பன் அங்க ராத்திரி எல்லாம் காவலுக்குப் படுத்திருப்பாரு, பாம்பு கடிச்சு ஒரு காலு போச்சு. மறந்துட்டயா?" என்றான். மறந்துதான் போயிருந்தேன். நொண்டிக்கொண்டு நடந்த அவன் அப்பாவை ஞாபகம் இருந்தது, காரணம் ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் மச்சினன் மகனிடம் சொன்னபோது அவன் இன்னொரு கார்ட்டூனைப் பற்றிச் சொன்னான். சிபி மாருகோ சான். சகுரா மொமோகோ என்கிற அம்மா எழுதியது. 1986-ல் படக்கதையாக ஆரம்பித்து 1990-ல் டிவிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். இது டோரேமான் மாதிரி இல்லை, திட்டம் போட்டுத் திரும்பிப் பார்க்கிற கதை. ஷிமிசு என்கிற துறைமுக ஊரில் 1974 வாக்கில் மூணாவது படிக்கிற ஒரு பெண்பிள்ளையின் வீடு, பள்ளிக்கூடம், தெரு. எழுதியவர் 1965-ல் பிறந்தவர். நானும் அதே வருஷம். அவர் மூணாவது படித்தபோது நானும் எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் மூணாவது. 2018-ல் இறந்துவிட்டார், வயசு 53-தான்.

அந்தக் கதையில் டொமோசோ என்று ஒரு தாத்தா வருவார். பேத்தி என்றால் உயிர். அவள் செய்யும் கூத்துக்கெல்லாம் கூட நிற்பார், திட்டு விழுந்தால் சேர்ந்து வாங்கிக்கொள்வார். ஜப்பானே அவரைத் தன் தாத்தாவாகப் பார்க்கிறது. ஆனால் மொமோகோவின் நிஜத் தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை. கடுகடுப்பான மனுஷன். அவர் செத்தபோது வீட்டில் யாருக்கும் பெரிய துக்கம் இல்லை என்று அவரே பிற்பாடு கட்டுரையாக எழுதி அச்சில் போட்டார். கதையில் வருகிற தாத்தா, இப்படி ஒருத்தர் இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஆசைப்பட்ட தாத்தா.

எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இட்டுக்கட்டினேன் என்று ஒத்துக்கொண்டாரே. நாமெல்லாம் இட்டுக்கட்டிவிட்டு, அதுதான் நடந்தது என்று சத்தியம் செய்கிறோம். என் அப்பாரு பற்றி நானே இங்கே எத்தனை பதிவு எழுதியிருக்கிறேன். மாட்டைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர் என்று எழுதினேன். சாட்டையை எடுத்தால் மாடு, மனுஷன், பெண்டாட்டி பார்க்க மாட்டார் என்பதை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஊருக்கு வரும் நகரத்து நண்பர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் வருகிறீர்கள், சந்தோஷம். கம்மங்கூழ் கேட்கிறீர்கள், தருகிறோம். போகும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "இதெல்லாம் இப்படியே இருக்கணும் சார், மாத்திடாதீங்க" என்கிறீர்கள். அதைக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. இப்படியே இருப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. ஏக்கப்படுகிறவர் ஓர் இடத்திலும் அந்தச் செலவைக் கட்டுகிறவர் வேறொரு இடத்திலும் இருக்கிறார்கள். ஓட்டு வீட்டைப் படம் எடுத்துப் போகிறீர்கள், அது ஒழுகும்போது பாத்திரம் வைப்பது என் வீட்டுக்காரிதான்.

ஜப்பானில் நடந்ததும் அதுதான். அந்தக் கார்ட்டூன்கள் காட்டுகிற கலகலப்பான நகரத்துத் தெருக்கள் உருவான அதே வருஷங்களில் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. 1954 தொடங்கி இருபது வருஷத்துக்கு, ஒன்பதாவது முடித்த பதினைந்து வயசுப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகத் தனி ரயிலில் ஏற்றி டோக்கியோவின் உவெனோ ஸ்டேஷனில் இறக்கினார்கள். அவர்களுக்குத் 'தங்க முட்டை' என்று செல்லப்பேர். சசாயே சான் என்று 1969-ல் இருந்து இன்றுவரை ஞாயிறுதோறும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடர் இருக்கிறது. மூணு தலைமுறை ஒரே வீட்டில், சமையல்கட்டு வாசலுக்கே வந்து சாமான் குறித்துக்கொண்டு போகும் கடைப்பையன் ஒருத்தன். நிஜத்தில் அந்த மாதிரிக் கடைப்பையன்களில் எத்தனையோ பேர் அந்த ரயிலில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் விட்டுவந்த காட்டைப் பற்றி யாரும் கார்ட்டூன் எடுக்கவில்லை.

அரிசிக் கணக்கையும் பாருங்கள். 1962-ல் ஜப்பானில் ஓர் ஆள் வருஷத்துக்கு 118 கிலோ அரிசி தின்றார். இப்போது அதில் பாதிகூட இல்லை. 1970 வாக்கிலேயே அரிசி மிச்சமாகி, நெல் நடாதே, நடாமல் விட்டால் காசு தருகிறேன் என்று அரசாங்கமே சொன்னது. 2018 வரைக்கும் அந்த ஏற்பாடு ஓடியது. விவசாயியின் சராசரி வயசு அங்கே 68-ஐத் தாண்டிவிட்டது. 2023 கணக்கில் ஆளில்லாத வீடு மட்டும் 90 லட்சம். டிவியில் மட்டும் மூணு தலைமுறை ஒரே மேசையில் சாப்பிடுகிறது.

இந்த வியாதியைப் பற்றி ஜப்பான்காரர்களே ஒரு கார்ட்டூன் எடுத்திருக்கிறார்கள். நம்ம வாண்டுப்பயல் ஷின்சானின் 2001-ஆம் வருஷப் படம், கெய்ச்சி ஹரா இயக்கியது. பழைய காலத்து வாசனையைப் பரப்பி, பெரியவர்களை எல்லாம் மயக்கிவிடுவார்கள். அப்பா அம்மாக்கள் வேலையை, வீட்டை, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பச் சின்னப்பிள்ளையாகிவிடுவார்கள். ஷின்சானின் அப்பா 1970 ஒசாகா பொருட்காட்சியில் நிலாக்கல் பார்க்க வரிசையில் நிற்கிற பையனாக ஆகிவிடுவார். அவரை எப்படி மீட்பது? ஷின்சான் அவருடைய நாறிப்போன ஷூவைக் கழட்டி மூக்கில் வைப்பான். அந்த நாற்றத்தில் அவர் வாழ்க்கை முழுக்க வரும். அப்பாவோடு சைக்கிளில் போனது, பட்டணத்துக்கு வந்தது, வேலையில் அலைந்தது, கல்யாணம், பிள்ளை, கடன் வாங்கிக் கட்டிய வீடு. அழுதுகொண்டே எழுந்து வருவார். சிரிப்புப் படம் என்று உட்கார்ந்த நானும் என் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

என்னை எழுப்ப எந்த நாற்றம் வேண்டும் என்று யோசித்தேன். மண்வாசனை, சாணி வாசனை என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், கருகிப்போன மோட்டார் காயில் வாசனைதான்.

மகளுக்கும் ஓர் ஏக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1990-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஜங்கிள் புக் வரும். அதுவும் ஜப்பானில் செய்ததுதான், இந்தியில் பேசும். எங்கள் வீட்டில் டிவி இல்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போய், ஒரு வார்த்தை புரியாமல் மோக்லியைப் பார்த்திருக்கிறாள். "அந்த ஞாயித்துக்கெழமை மாதிரி இப்ப ஒண்ணும் இல்லீங்கப்பா" என்றாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஞாபகம் இருப்பது, பருத்திக்கு விலை இல்லாமல் வட்டிக்கடைக்காரர் வீட்டு வாசலில் நின்றது. அவளிடம் சொல்லவில்லை. அவள் மோக்லி அவளுக்கு இருக்கட்டும்.

ஏக்கமே கூடாது என்பது என் கட்சி இல்லை. அதே ஜப்பானில் டோட்டோரோ என்று 1988-ல் ஒரு கார்ட்டூன் படம், டிவியில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். 1950-களின் கிராமம், பெரிய மரம், காட்டுப் பூதம். டோக்கியோவை ஒட்டிய சயாமா குன்றுக் காடுகளை மனதில் வைத்து எடுத்தது. அந்தக் காடும் மனையாகிக்கொண்டிருந்தது. 1990-ல் அந்தப் பகுதி ஜனங்கள் பூதத்தின் பேரிலேயே நிதி திரட்டினார்கள். ஊர் ஊராக ஜனங்கள் அனுப்பிய காசில் 1991-ல் முதல் துண்டுக் காட்டை விலைக்கு வாங்கினார்கள். இன்னமும் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கியதோடு விடாமல் லீவு நாளில் போய்ப் புதர் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். சொந்தக்காரனைப் பார்த்து, விற்காதே, எங்களுக்கு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. விலை என்ன என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை என்னிடம் இதுவரைக்கும் புரோக்கர் ஒருத்தர்தான் கேட்டிருக்கிறார். வேறு யாராவது கேட்டால் உட்கார்ந்து பேசுவேன். காட்டை வாங்கச் சொல்லவில்லை. கடலையை என்ன விலைக்கு எடுக்கிறோம் என்று பேசினாலே போதும்.

மோட்டார் நேற்றுச் சாயங்காலம் வந்துவிட்டது. இறக்கி ஓட்டிப் பார்த்தேன், தண்ணி ஏறுகிறது. வாழைக்குத் திருப்பி விட்டுவிட்டு வரப்பில் நின்றால் செல்போன் அடித்தது. புரோக்கர். எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, கையெல்லாம் சேறு.

தெற்கே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேரன் ஆட்டத்தை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். தண்ணி டேங்கு பக்கத்தில், தரைப்பாலத்துக்கு வாங்கி மிச்சமான சிமெண்டுக் குழாய் ரெண்டு கிடக்கிறதல்லவா, அதைச் சைட்டுக்கு உருட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

"ஆறு பேரு தள்ளுனா உருளுமுங்க அப்புச்சி. யாரைக் கேக்கோணுமுங்க?"

பிரசிடெண்டைக் கேட்க வேண்டும் என்றேன். மூணாவது குழாய்க்கு என்ன செய்வது என்று அப்போதே யோசனையில் இறங்கிவிட்டான்.